தலைக்கு ஊற்றிய நாள்

கரிசல் காட்டில் ஒரு பெண் கருவுற்றிருப்பதை "முழுகாம இருக்கா" என்று சொல்வார்கள். மாதத்துக்கு ஒருமுறை தலைக்கு ஊற்றிக்கொள்ளும் அந்த நாள் இந்த மாதம் வரவில்லை என்பதுதான் பொருள். உடம்புக்குள் ஓடும் ஒரு கடிகாரத்தைக் குளியலை வைத்தே எண்ணிவந்த மொழி இது. ஆனால் அந்த எண்ணிக்கையில் ஒரு சிக்கல் உண்டு. மருத்துவம் கேட்பது உதிரம் பட்ட முதல் நாளை. பெண்கள் பலரும் நினைவில் வைத்திருப்பது தலைக்கு ஊற்றிய மூன்றாம் நாளையோ ஐந்தாம் நாளையோ. இந்த இரண்டு முதல் நான்கு நாள் வித்தியாசத்தில் ஒரு குழந்தையே பிறந்துவிடலாம். எப்படி என்று போகப்போகப் பார்ப்போம்.

விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் நடுவே இருக்கும் மல்லாங்கிணறு பக்கம், இரண்டு பெண்கள் தனியாகப் பேச வாய்த்தால் இந்தப் பேச்சு எப்படியும் வரும். "மாத்திரை சூடு மதினி. நாள் பாத்து இருந்துக்கிட்டாப் போதும்" என்பார் ஒருவர். "நாள் பாத்துத்தான்டி எனக்கு மூணாவது பொறந்துச்சு" என்பார் மற்றவர். ஹார்மோனா, இயற்கையா என்று உலகமே நடத்தும் விவாதம் இந்த இரண்டு வரிகளில் அடங்கிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அந்தச் 'சூடு' உட்பட.

முதலில் கடிகாரம். அது கருப்பையில் இல்லை, தலைக்குள் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதாலமஸ் என்று ஒரு சிறு பகுதி. அங்கிருந்து சுமார் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ரசாயனத் துளி கசிகிறது. அதன் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி அந்தத் தட்டலைக் கேட்டுத்தான் சினைப்பைக்கு உத்தரவு அனுப்புகிறது. துளி விட்டுவிட்டு வந்தால்தான் வேலை நடக்கும். எர்னஸ்ட் நோபில் என்ற அறிவியலாளர் 1970களின் கடைசியில் குரங்குகளுக்கு இதே ரசாயனத்தை இடைவெளி இல்லாமல் செலுத்திப் பார்த்தார். சினைப்பை விழித்துக்கொள்ளவில்லை, தூங்கிப்போனது. வாசல் மணியை விரல் எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் வீட்டுக்காரர் எழுந்துவந்து ஒயரைப் பிடுங்கிவிடுவார் அல்லவா, அப்படித்தான். உடம்பு சேதியை மட்டும் கேட்பதில்லை, தாளத்தையும் கேட்கிறது.

உத்தரவு கிடைத்ததும் சினைப்பையில் சில முட்டைப் பைகள் வளரத் தொடங்குகின்றன. கையிருப்பு எவ்வளவு தெரியுமா? ஒரு பெண் குழந்தை தாய் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது அவளிடம் 60, 70 லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது பத்து இருபது லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். அத்தனையிலும் வாழ்நாள் முழுக்க வெளியேறுவது ஏறக்குறைய 400 மட்டுமே. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒரு கேழ்வரகு மணியின் குறுக்கே பத்துக்கு மேல் வரிசையாக வைக்கலாம்.

வெளியேறிய முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். மதுரை மாட்டுத்தாவணிக்கு வந்த மல்லிகைப்பூ மாதிரி, இன்று போனால் போனதுதான். அப்படியானால் மாதத்தில் ஒரே ஒரு நாள் தள்ளி இருந்தால் போதுமே? போதாது. விந்தணு பொறுமைசாலி. சூழ்நிலை சாதகமாக இருந்தால் ஐந்து நாள் வரை காத்திருக்கும். முட்டை வருவதற்கு முந்திய ஐந்து நாள், வந்த நாள் ஒன்று, ஆக ஆறு நாள். இந்த ஆறு நாள் சன்னலை 1995இல் ஆலன் வில்காக்ஸும் அவரது குழுவினரும் அமெரிக்காவில் 221 பெண்களைத் தினமும் பின்தொடர்ந்து உறுதிப்படுத்தினார்கள். ஏறக்குறைய முப்பது நாளில் ஆறு நாள்தான். ஆனாலும் எந்தத் தடுப்பும் இல்லாத நூறு தம்பதியரில் 85 பேருக்கு ஓராண்டுக்குள் கரு தங்கிவிடும்.

ஆறு நாள்தானே, எண்ணிவிடலாமே என்று தோன்றும். மானாவாரி விவசாயிக்கு இதில் இருக்கும் வில்லங்கம் உடனே புரியும். முட்டை வெளியேறிய பிறகு அடுத்த மாதவிடாய் வர ஆகும் நாள் ஓரளவு நிலையானது, 14 நாளுக்கு முன்பின். வெளியேறுவதற்கு முந்திய பகுதிதான் நீளும், சுருங்கும். அதாவது முட்டை நாளைச் சரியாகச் சொல்ல, இனி வரப்போகும் மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அறுவடை என்றைக்கு என்று தெரிந்தால் மழை பெய்த நாளைச் சொல்லிவிடுவேன் என்பது மாதிரி. ஜப்பானில் கியுசாகு ஒகினோவும் ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்னவுஸும் 1920களில் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் ஐரோப்பிய மருத்துவர்கள் பலர், இரண்டு மாதவிடாய்க்கு நடுப்பட்ட நாள்களே பத்திரமானவை என்று நம்பிச் சொல்லிவந்தார்கள். சரியாகத் தலைகீழ். அந்த ஆலோசனையால் பிறந்தவர்கள் ஒரு ஊர் அளவுக்காவது இருப்பார்கள்.

நம் பக்கத்தில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. தொல்காப்பியக் கற்பியல், பரத்தையிடம் பிரிந்து போன கணவன்கூட மனைவியின் பூப்புக்குப் பிந்திய பன்னிரண்டு நாள் அவளை விட்டு விலகி இருக்கக் கூடாது என்கிறது. குழந்தை வேண்டும் என்பவர்களுக்கான விதி அது. இன்றைக்கு 'நிலை நாள் முறை' என்று ஒன்று உண்டு. மாதச் சுழற்சி 26 முதல் 32 நாளுக்குள் தவறாமல் வரும் பெண்கள், எட்டாம் நாள் முதல் பத்தொன்பதாம் நாள் வரை விலகியிருக்க வேண்டும் என்பது அதன் விதி. அதுவும் பன்னிரண்டு நாள்! தொடங்கும் நாள் வேறு, நோக்கம் நேர் எதிர். இருந்தாலும் அந்தப் பன்னிரண்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்னச் சிலிர்ப்பு. ஆறு நாள் சன்னலுக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் வேலி போட்டால் பன்னிரண்டு வந்துவிடுகிறது. இப்போது குளியல் கணக்குக்கு வாருங்கள். உதிரம் பட்ட நாளுக்குப் பதில் தலைக்கு ஊற்றிய மூன்றாம் நாளை ஒன்று என்று வைத்து எண்ணினால், எட்டாம் நாள் என்று நினைப்பது உண்மையில் பத்தாம் நாள். வேலியின் முன்பக்கத்தில் இரண்டு நாள் ஓட்டை.

இந்த எண்ணிக்கையை எளிதாக்க இந்திய அரசே ஒருமுறை முயன்றது. 1951இல் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆபிரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்க மருத்துவர் வந்தார். அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் காந்தியின் சீடர். வேறு எந்தத் தடுப்பு முறைக்கும் அவர் மனம் ஒப்பவில்லை, நாள் பார்க்கும் முறைக்கு மட்டும் தலையசைத்தார். டெல்லி லோதி காலனியிலும் மைசூர் மாநிலத்து ராமநகரத்திலும் சோதனை தொடங்கியது. ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் சுழற்சிக்கேற்ற ஒரு பாசிமணி மாலை. தினம் ஒரு மணியை நகர்த்த வேண்டும். பச்சை வந்தால் பயமில்லை, சிவப்பு வந்தால் விலகியிரு.

காகிதத்தில் அருமையான ஏற்பாடு. ராமநகரத்து இருட்டு அதைத் தோற்கடித்தது. மின்விளக்கு இல்லாத வீட்டில் இரவில் பச்சை எது, சிவப்பு எது? தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளும்படி மணிகளின் வடிவத்தை மாற்றினார்கள். சிலர் மணியை எதிர்ப்பக்கமாக நகர்த்தினார்கள், அதைத் தடுக்க ஒரு கொக்கி வைத்தார்கள். மாலையே காப்பாற்றும் தாயத்து என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கழுத்தில் கட்டிக்கொள்ளக் கொடுத்துவிட்டு, தாயத்து இல்லை என்றால் எப்படி? திட்டம் கைவிடப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் 32 மணிகளும் நகரும் ஒரு ரப்பர் வளையமுமாக அதே யோசனைக்குப் புது உயிர் கொடுத்தார்கள். மேலே சொன்ன நிலை நாள் முறை அவர்களுடையதுதான். இருட்டில் ஒளிரும் மணிகளாகச் செய்திருந்தார்கள் என்பதைப் படித்தபோது ராமநகரத்துப் பெண்களை நினைத்துக்கொண்டேன்.

மணியை விட நுட்பமான ஒட்டுக்கேட்புக் கருவிகள் உடம்பிலேயே இருக்கின்றன. முட்டை வெளியேறியதும் அதன் காலிக்கூடு மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறி, புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் பொழிகிறது. கரு வந்தால் வரவேற்கக் கருப்பையைத் தயார்செய்வது அதன் வேலை. கூடவே உடல் வெப்பத்தை 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றிவிடுகிறது. காய்ச்சல்மானியில் பாரன்ஹீட் கணக்குப்படி அரை டிகிரிக்கு முன்பின். தொட்டால் தெரியாது. விடிகாலையில் கண் விழித்ததும், பாயை விட்டு எழுவதற்கு முன், தசமப் புள்ளி காட்டும் காய்ச்சல்மானியை வாயில் வைத்து, தினமும் எழுதிவந்தால் தெரியும். அதையும் முட்டை போன பிறகுதான் சொல்லும். மழை விட்ட பின் குடை கொடுக்கிற தகவல். ஆனாலும் 'இந்த மாதம் ஆபத்து முடிந்தது' என்று அடித்துச் சொல்ல இதை விட்டால் ஆள் இல்லை.

முன்கூட்டியே சொல்வது கருப்பை வாய்ச் சளி. ஆஸ்திரேலியாவின் ஜான் பில்லிங்ஸ், எவலின் பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதி 1950களிலிருந்து இதையே ஆராய்ந்தார்கள். மாதத்தின் பெரும்பகுதி இந்தச் சளி கெட்டியான கோந்து. விந்தணு உள்ளே போகாதபடி கதவடைப்பு. முட்டை வரும் நாள் நெருங்க நெருங்க, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அதைப் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக, இழுத்தால் நூலாக நீளும்படி ஆக்கிவிடுகிறது. உள்ளே நுண்ணிய வாய்க்கால்கள் திறந்து விந்தணு நீந்தத் தடம் கிடைக்கிறது. ஒரே மடை, ஒரே மாதத்தில் தானாக அடைத்துத் தானாகத் திறக்கிறது!

வெப்பத்தையும் சளியையும் சேர்த்துப் படிக்கும் முறையை ஜெர்மனியில் நன்கு பயிற்சி பெற்ற பெண்கள் விதி தவறாமல் பின்பற்றியபோது, நூறு பேரில் ஓராண்டில் கருவுற்றவர்கள் ஒருவருக்கும் குறைவு (0.4). மாத்திரைக்குச் சமம். ஆனால் பயிற்சி, ஒழுங்கு, நாள் எண்ணும் விதம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்போது இயற்கை முறைகளின் தோல்வி நூற்றுக்கு 2 முதல் 23 வரை பரந்து கிடக்கிறது. முறை ஒன்றுதான், வாழ்க்கை வேறு. அருப்புக்கோட்டை நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிற பெண்ணுக்கு 'விடிகாலை வெப்பம்' எது? மூன்று மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும்போது குடத்தோடு ஓடுகிறவர் பாயில் படுத்தபடி காய்ச்சல்மானி வைப்பாரா? வெளியூரில் வேலை பார்க்கும் கணவன் விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கு மூன்று நாள் லீவில் வருகிறான். அந்த மூன்று நாளும் சிவப்பு மணியாக இருந்தால்? நாள் பார்க்கும் முறை ஒருவர் கையில் இல்லை. 'இன்னைக்கு வேண்டாம்' என்று மனைவி சொல்ல முடியவேண்டும், கணவன் கேட்கவேண்டும். எந்தப் புள்ளிவிவரத்திலும் இதற்குத் தனிப் பத்தி கிடையாது. இருக்கவேண்டும் என்பேன்.

எண்ணவே தேவையில்லாத ஓர் இயற்கை முறையும் உண்டு. பால் கொடுக்கும்வரை தங்காது என்று பாட்டிமார் சொல்வது மூன்று நிபந்தனைகளோடு சரி: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவு பகல் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கவேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் 98 சதவீதம் பாதுகாப்பு. 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோ நகரில் கூடிய நிபுணர்கள் பாட்டிமார் சொன்னதற்கு முத்திரை குத்தினார்கள். குழந்தை சப்பும்போது மார்பிலிருந்து போகும் நரம்புச் சேதி, மூளையின் அந்த ஒரு மணி நேரத் தட்டலையே மந்தமாக்கிவிடுகிறது. மூன்றில் ஒன்று தவறினாலும் கணக்கு முடிந்தது. ஒரு வயதுக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே முழுகாமல் போனவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு.

இது வரை பார்த்ததெல்லாம் கடிகாரத்தின் ஓசையை ஒட்டுக்கேட்பது. ஹார்மோன் முறை அதனோடு நேரடியாகப் பேசுகிறது. கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு இன்னொரு முட்டை வெளியேறுவதில்லை. புரோஜெஸ்டிரோன் மேலே போய் 'இங்கே ஏற்கெனவே ஆள் இருக்கு' என்று சொல்லித் தட்டலைக் குறைத்துவிடுகிறது. இந்தச் சேதியை வெளியிலிருந்து அனுப்பினால் என்ன என்று 1921இலேயே ஆஸ்திரியாவின் லுட்விக் ஹேபர்லான்ட் விலங்குகளில் சோதித்துக் காட்டினார். சினையாக இருந்த விலங்கின் சினைப்பையைச் சினையாகாத முயலின் தோலுக்கடியில் வைத்தார். அது சில காலம் சினை பிடிக்கவில்லை.

யோசனை ரெடி, சரக்குக்குத்தான் பஞ்சம். 1934இல் ஜெர்மன் வேதியியலாளர் புட்டனான்ட் 50,000 பெண் பன்றிகளின் சினைப்பைகளை அரைத்து எடுத்த புரோஜெஸ்டிரோன் 20 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்புக்கும் குறைவு. பஞ்சத்தைத் தீர்த்தது ஒரு கிழங்கு! 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோ காட்டில் விளையும் ஒரு பெருங்கிழங்கின் சாற்றிலிருந்து புரோஜெஸ்டிரோனைக் கிலோக்கணக்கில் செய்தார். நாம் வேகவைத்துத் தின்னும் பெருவள்ளிக் கிழங்கின் இனம்தான் அதுவும். (வள்ளிக்கிழங்கு தின்றால் கரு தங்காது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஆய்வகத்தில் பல படி மாற்றினால்தான் ஹார்மோன்.) வாயால் விழுங்கும் புரோஜெஸ்டிரோனை ஈரல் உடனே சிதைத்துவிடும் என்பது அடுத்த தடை. ஈரலை ஏமாற்றும்படி மூலக்கூறின் ஓர் ஓரத்தைத் திருத்தியவர்களில் ஒருவர் லூயிஸ் மிராமோன்டெஸ் என்ற 26 வயது மாணவர். 1951 அக்டோபர் 15ஆம் தேதி மெக்சிகோ நகரில் அது நடந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் கிரிகோரி பின்கஸும் ஜான் ராக்கும் 1956இல் போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம் மாத்திரையைப் பெரிய அளவில் சோதித்தார்கள். சோதனை என்பது அந்தப் பெண்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை, அவர்கள் சொன்ன தலைச்சுற்றலும் குமட்டலும் காதில் ஏறவில்லை. மாத்திரையின் வரலாற்றில் இது அழியாத கறை. 1960இல் அமெரிக்க அரசு கருத்தடைக்கு அனுமதி கொடுத்தது.

அன்றைய மாத்திரையில் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் ஏறக்குறைய 10 மில்லிகிராம். இன்று அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'மாலா-என்' மாத்திரையில் அவ்வகை 0.15 மில்லிகிராம், ஈஸ்ட்ரோஜன் வகை 0.03 மில்லிகிராம். இந்த 0.03ஐ நினைத்துப் பாருங்கள். ஒரு சின்ன மூக்குத்தி எடை, ஒரே ஒரு கிராம் ஈஸ்ட்ரோஜனில் 33,000 மாத்திரை செய்யலாம். வருடத்துக்கு 273 வீதம் ஒரு பெண்ணுக்கு 120 வருடத்துக்கு மேல் வரும். அவ்வளவு சன்னமான குரலில் சொன்னாலே மூளைக்குக் கேட்டுவிடுகிறது. முட்டை வெளியேறுவது நிற்கிறது. சளிக் கதவும் மாதம் முழுக்க அடைத்தே கிடக்கிறது.

மாலா-என் அட்டையில் 21 வெள்ளை மாத்திரை, 7 பழுப்பு மாத்திரை. பழுப்பில் ஹார்மோன் கிடையாது, இரும்புச்சத்து மட்டும். இந்த ஏழு நாளில் வரும் உதிரப்போக்கு உண்மையான மாதவிடாய் அல்ல, ஹார்மோன் நின்றதால் வரும் கசிவு. 28 நாள் அட்டவணையை வைத்தது உடம்பு அல்ல, மனிதர்கள். ஜான் ராக் பக்தியுள்ள கத்தோலிக்கர். மாத்திரை 'பத்திரமான நாள்களை' நீட்டிக்கிறது, ஆகவே அதுவும் இயற்கையே என்று 1963இல் புத்தகமே எழுதி வாதிட்டார். 1968இல் போப் ஆறாம் பவுல் முடியாது என்று சொல்லிவிட்டார். ஆனால் எது இயற்கை? எட்டுப் பெற்ற நம் பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சுமந்த ஒன்பது மாதம், பால் கொடுத்துத் தீட்டு வராமலிருந்த ஒன்றரை வருடம் என்று வைத்தால் பதினெட்டு வருடம் அவருக்கு மாதவிடாயே இல்லை. மாதாமாதம் தவறாமல் வருவதே மனித வரலாற்றில் புதுப்பழக்கம்.

இப்போது அந்தச் 'சூடு'. மாத்திரையிலிருப்பதும் புரோஜெஸ்டிரோனின் உறவு என்பதால், சாப்பிடுகிறவர்களின் விடிகாலை வெப்பமும் அதேபோல் ஒரு துளி ஏறி நிற்கிறது. மதினியிடம் சொன்ன பெண், வாய்ப்புண்ணையும் வயிற்றெரிச்சலையும் மனத்தில் வைத்துத்தான் சூடு என்றார், காய்ச்சல்மானியை நினைத்து அல்ல. ஆனால் ஒவ்வொரு மாதத்தின் பின்பாதியிலும், கர்ப்பத்தின் தொடக்கத்திலும் உடம்பு இயல்பாகவே இந்தச் சூட்டில்தான் இருக்கிறது. பயப்படவேண்டியது வேறு இடத்தில். ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை இரத்தத்தை உறையவைக்கும் போக்கைச் சற்றுக் கூட்டுகிறது. எதுவும் எடுக்காத 10,000 பெண்களில் வருடத்துக்கு 1 முதல் 5 பேருக்கு இரத்த நாளத்தில் கட்டி வரும். மாத்திரை எடுப்போரில் 3 முதல் 9. கர்ப்பிணிகளில் 5 முதல் 20. பிரசவம் முடிந்த வாரங்களில் 40ஐத் தாண்டும். மாத்திரையை விடக் கர்ப்பமே கூடுதல் ஆபத்து என்பது இந்த வரிசையில் ஒளிந்திருக்கிறது. இரத்தக் கொதிப்பு உள்ளவர், கண்ணில் ஒளி சிதறி ஒற்றைத் தலைவலி வருகிறவர், ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுப்பவர் ஆகியோருக்கு இந்த வகை சரிப்படாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்கு மாத்திரையை நம்ப முடியாது, ஈரல் அதை வேகமாகக் கழித்துவிடும். இதைக் கேட்காமல் மாத்திரை அட்டையை நீட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது.

மறதிக்கு மாத்திரை இளகாது. விதிப்படி சாப்பிட்டால் தோல்வி நூற்றுக்கு 0.3, நிஜ வாழ்க்கையில் 7. அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி 2017இல் அரசுத் திட்டத்துக்குள் வந்தது. தசைக்குள் தங்கி மெல்ல மெல்லக் கரையும் 150 மில்லிகிராம் ஹார்மோன். ஊசி போட்டது வீட்டில் யாருக்கும் தெரியவேண்டியதில்லை. சில பெண்களுக்கு அதுவே பெரிய விடுதலை. விலையும் உண்டு: உதிரப்போக்கு தாறுமாறாகும், பலருக்கு நின்றே போகும், நிறுத்திய பிறகு கரு தங்க ஏழெட்டு மாதம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். போட்ட ஊசியைத் திரும்ப உருவவும் முடியாது. 1980களில் வேறொரு கருத்தடை ஊசியின் சோதனையை எதிர்த்து ஹைதராபாத் பெண்கள் அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஹார்மோனா இயற்கையா என்று இரண்டு மூட்டையாகக் கட்டுகிறவர்கள், இரண்டிலும் சேராத பொருள்களைக் கீழே சிந்திவிடுகிறார்கள். காப்பர்-டி ஒன்று. தீக்குச்சியை விடக் குட்டையான டி வடிவ பிளாஸ்டிக், அதில் 380 சதுர மில்லிமீட்டர் செம்புப் பரப்பு, ஒரு தபால் தலையை விடச் சிறியது. செம்பிலிருந்து கசியும் அயனிகள் விந்தணுவை முடக்குகின்றன. பத்து வருடம். முட்டை, மூளை, தாளம் எதிலும் தலையிடுவதில்லை. ஆனால் உதிரப்போக்கு கூடும். பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ள மாநிலத்தில் இதை யோசிக்கவேண்டும்.

இன்னொன்று நம் நாட்டுச் சரக்கு, எனக்குச் செல்லப் பிள்ளை. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்யா ஆனந்தும் குழுவினரும் உருவாக்கிய ஆர்மெலாக்ஸிஃபீன். 1991இல் 'சஹேலி' என்ற பெயரில் கடைக்கு வந்தது, இப்போது அரசு நிலையங்களில் 'சாயா'. இது ஹார்மோன் அல்ல. ஈஸ்ட்ரோஜனுக்கென்று கருப்பையில் இருக்கும் பூட்டுகளில் போய் உட்கார்ந்து, உண்மையான சாவி நுழையாமல் பார்த்துக்கொள்கிறது. முட்டை வழக்கம்போல வெளியேறும், ஆனால் கருப்பை அதற்கு ஏற்றபடி தயாராகாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. பால் கொடுக்கும் தாயும் சாப்பிடலாம். சிலருக்கு நாள் தள்ளிப் போகும், அந்தத் தள்ளல் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

இயற்கை என்றாலே சாது என்பவர்களுக்குக் கரிசல் மண்ணிலேயே ஒரு பதில் இருக்கிறது. பருத்திக்கொட்டை. சீனக் கிராமங்கள் சிலவற்றில் பச்சையாக ஆட்டிய பருத்திக்கொட்டை எண்ணெய்க்கு மாறிய பின் பிள்ளை பிறப்பது குறைந்ததைக் கவனித்தார்கள். காரணம் காசிபால் என்ற மஞ்சள் நிறப் பொருள், விந்தணு உற்பத்தியையே நிறுத்துகிறது. 1970களில் ஆயிரக்கணக்கான ஆண்களிடம் அதை மாத்திரையாகச் சோதித்தார்கள். வேலை செய்தது. ஆனால் சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கியது, சிலருக்கு மாத்திரையை நிறுத்தியும் விந்தணு திரும்பவில்லை. கைவிட்டார்கள். மதுரை விருதுநகர்த் தெருக்களில் பருத்திப்பால் குடிக்கிறவர்கள் டம்ளரைக் கீழே வைக்கவேண்டாம். சூட்டில் காசிபாலின் பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டிச் செயலிழந்துவிடும். ஆணுக்கான மாத்திரை இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. வந்திருக்கும் ஆணுறை, 1968இலிருந்து 'நிரோத்' என்ற பெயரில் கிடைப்பது, நோய்த்தொற்றையும் தடுக்கிற ஒரே முறை. இந்தக் கட்டுரையில் அது ஒரு வரியில் முடிந்துபோவது அதன் வழக்கமான தலைவிதி.

தமிழ்நாட்டில் 'குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சா?' என்றால் ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று பொருள். 1956இலேயே அன்றைய சென்னை மாநிலம் அறுவை சிகிச்சையை அரசுத் திட்டமாக்கியது. அதற்கும் முன்பே பெரியார், கருத்தடை மக்கள்தொகைக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காக என்று எழுதிவந்தார். கருவி பரவியது, காரணம் அந்த அளவுக்குப் பரவவில்லை. இன்று மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு குழந்தைக்கும் குறைவு. மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், பலர் முப்பதைத் தொடும் முன். முதல் பிள்ளைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் இடைவெளி விடுவதற்கான இத்தனை நுட்பங்களும் அந்த ஒற்றைச் சொல்லின் நிழலில் நிற்கின்றன. அந்த மதினிக்கும் அவரிடம் பேசியவருக்கும், பேச்சு மாத்திரையிலும் நாள் கணக்கிலும் முடிந்துபோனது அதனால்தான்.

அந்த இருவரும் நாளை சுகாதார நிலையத்துக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாலா-என் அட்டையை உதிரம் பட்ட ஐந்து நாளுக்குள் தொடங்கவேண்டும். சாயாவை முதல் நாளே. அந்தராவுக்கு முதல் ஏழு நாள். காப்பர்-டிக்குப் பன்னிரண்டு நாள், மறுபடியும் பன்னிரண்டு! ஜார்ஜ்டவுன் மணி மாலையில் வளையம் முதலில் ஏறும் சிவப்பு மணியும் உதிரம் பட்ட முதல் நாளுக்கானதே. ஆகவே செவிலியர் எதை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னும் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்: "தலைக்கு ஊத்துன நாள் இல்லத்தா, மொதல்ல பட்ட நாள் எது?" பதில் சொல்கிறவர், சுவரில் தொங்கும் நாள்காட்டியை மனத்துக்குள் புரட்டி, ஒவ்வொரு தாளாகப் பின்னால் போய்க்கொண்டிருப்பார்.